இரண்டு நாட்டுப் பிள்ளைகள்: எந்த ஜெர்சி, யார் முடிவு?

வியாசை லெஃப்ட்பேக்

இரண்டு நாட்டு உறவு உள்ள கால்பந்து வீரர் எந்த நாட்டுக்கு ஆட வேண்டும்? யூரோ 2024 (ஐரோப்பியக் கோப்பை) முடிந்ததிலிருந்து இந்தச் சண்டை பல இழைகளில் துண்டு துண்டாக நடக்கிறது. ஒரே இடத்தில் வைத்துப் பேசிவிடுவோம்.

லமீன் யாமல் பிறந்தது பார்சிலோனாவுக்குப் பக்கத்தில். அப்பா மொராக்கோ, அம்மா எக்குவடோரியல் கினி. மொராக்கோ வருந்தி வருந்திக் கூப்பிட்டும் ஸ்பெயினுக்கே ஆடினார். 16 வயதில் ஜார்ஜியாவுக்கு எதிராக இறங்கி முதல் ஆட்டத்திலேயே கோல். பிராஹிம் டியாஸும் ஸ்பெயினில் பிறந்தவர்தான், மலகாக்காரர். 2021இல் ஸ்பெயின் சீனியர் அணிக்கு ஒரே ஒரு நட்பு ஆட்டம் ஆடினார், கோலும் போட்டார். 2024இல் மொராக்கோவுக்குப் போய்விட்டார். இனாக்கி வில்லியம்ஸும் நிக்கோ வில்லியம்ஸும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். பெற்றோர் கானாவிலிருந்து சஹாராவைக் கடந்து ஸ்பெயினுக்கு வந்தவர்கள். 2022 உலகக் கோப்பையில் அண்ணன் கானா ஜெர்சியில், தம்பி ஸ்பெயின் ஜெர்சியில்.

என் கட்சி இதுதான்: இதில் துரோகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ‘உன் மனசு எந்த நாட்டில் இருக்கிறது’ என்று பதினெட்டு வயதுப் பையனிடம் கேட்பது வெட்டி வேலை. யார் கூப்பிட்டார்கள், எந்த அணியில் அவன் இடம் காலியாக இருக்கிறது, வீட்டில் பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள், இந்த மூன்றும்தான் முடிவு செய்கின்றன. மனசு அப்புறம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

யாமல் கோல் போட்டால் விரலில் 304 காட்டுவாரே, அது அவர் வளர்ந்த ரோக்காஃபோண்டா பகுதியின் அஞ்சல் குறியீட்டில் கடைசி மூன்று எண். உலகமே ‘எந்த நாடு’ என்று கேட்டுக்கொண்டிருக்க, பையன் தன் பேட்டையைக் காட்டுகிறான். எங்கள் ஏரியாப் பையன்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

கார்னர் கொடி

//துரோகம் என்ற பேச்சுக்கே இடமில்லை//

ஒரேயடியாக அடித்துவிடாதீர்கள். டெக்லன் ரைஸை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தது லண்டன், தாத்தா பாட்டி வழியில் அயர்லாந்து உறவு. இளையோர் அணிகளிலிருந்தே அயர்லாந்துதான் அவரை ஆட வைத்தது. 2018இல் அயர்லாந்து சீனியர் அணிக்கு மூன்று நட்பு ஆட்டம் ஆடினார். லண்டன் கிளப் வெஸ்ட்ஹாமில் பேர் வாங்கியதும் 2019 தொடக்கத்தில் இங்கிலாந்து என்று அறிவித்துவிட்டார். சட்டப்படி சரி. ஆனால் அவருக்காக ஓர் இடத்தை ஒதுக்கி, அதே வயது அயர்லாந்துப் பையன் ஒருவனை வெளியே உட்கார வைத்திருப்பார்கள் அல்லவா? அவன் கணக்கை யார் எழுதுவது?

டியேகோ கோஸ்டா இன்னும் மோசம். 2013 மார்ச்சில் பிரேசிலுக்கு இரண்டு நட்பு ஆட்டம். அதே வருடம் ஸ்பெயின். அடுத்த வருடம் உலகக் கோப்பை நடந்ததோ பிரேசிலில். பிறந்த நாட்டு மைதானத்திலேயே பந்தைத் தொட்டபோதெல்லாம் கூச்சல். ஜனங்கள் சும்மா கத்தவில்லை.

இனாக்கியும் அப்படித்தான். கானாவிலேயே பிறந்து வளர்ந்து உயிராக இருக்கிறவன் இடத்தை நான் எடுத்துக்கொள்வது சரியாக இருக்காது என்ற மாதிரி அவரே முன்பு பேசியிருக்கிறார். உலகக் கோப்பை வருடம் வந்ததும் மாறிவிட்டார். மனசு ஒட்டிக்கொண்டது என்கிறீர்கள். நான் டிக்கெட் கிடைத்தது என்கிறேன்.

பழைய ஆட்டம்

இது நேற்று முளைத்த பிரச்சினை இல்லை, தம்பிகளா. லூயிஸ் மோன்ட்டி 1930 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவுக்கு ஆடித் தோற்றார்; 1934 இறுதி ஆட்டத்தில் இத்தாலிக்கு ஆடி ஜெயித்தார். டி ஸ்டெஃபானோ அர்ஜென்டினாவுக்கும் ஆடினார், ஸ்பெயினுக்கும் ஆடினார். புஷ்காஷ் ஹங்கேரி கேப்டனாக இருந்து, பிறகு ஸ்பெயினுக்கு ஆடினார். அன்றைக்கு அவர்களை மேதைகள் என்றோம். இன்றைக்கு ஒரு பையனிடம் விசுவாசச் சான்றிதழ் கேட்கிறோம்.

சூரிச் குமரன்

நான் இங்கே சுவிஸில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறன். இந்தக் கதை எங்களுக்கு டிவியில் பார்க்கிற கதை இல்லை, பக்கத்து வீட்டுக் கதை.

ஷாக்கா சகோதரர்களைத் தெரியும்தானே? பெற்றோர் கொசோவோ அல்பேனியர்கள். தகப்பன் மாணவராக இருந்தபோது யூகோஸ்லாவியாவில் அரசியல் போராட்டத்துக்காக மூன்று வருடத்துக்கும் மேல் சிறையில் இருந்தவர். வெளியில் வந்து சுவிஸுக்கு வந்தார். பிள்ளைகள் பாசலில் வளர்ந்தார்கள். தம்பி கிரானிட் சுவிஸ் அணி, அண்ணன் டவுலான்ட் அல்பேனியா அணி. 2016 யூரோவில் லான்ஸ் நகரத்தில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். தாய் போட்டிருந்த டி-ஷர்ட்டில் பாதி அல்பேனியக் கொடி, பாதி சுவிஸ் கொடி. சுவிஸ் 1-0 என்று வென்றது. அந்தத் தாயை ஒவ்வொரு தடவையும் கேமரா காட்டினபோது என்னுடைய மனுசி ‘பாவம், எந்தப் பக்கம் கோல் விழுந்தாலும் அவவுக்குத்தான் அடி’ என்றா.

இனி 2018. ரஷ்யாவில், கலினின்கிராடில், சேர்பியாவுக்கு எதிரான ஆட்டம். கிரானிட் ஷாக்கா ஒரு கோல், ஷாக்கிரி கடைசி நேரத்தில் ஒரு கோல். இரண்டு பேரும் கைகளைக் குறுக்கே வைத்து அல்பேனியக் கழுகைக் காட்டினார்கள். ஷாக்கிரியின் சப்பாத்தில் ஒரு பக்கம் சுவிஸ் கொடி, மற்றப் பக்கம் கொசோவோ கொடி. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான பிஃபா இரண்டு பேருக்கும் ஆளுக்குப் பத்தாயிரம் பிராங்க் தண்டம் போட்டது. கேப்டன் லிஷ்ட்ஸ்டைனர் அசல் சுவிஸ்காரர். அவரும் கழுகு காட்டி ஐயாயிரம் கட்டினார். அந்த மனிதரை எனக்கு அன்றிலிருந்து பிடிக்கும்.

அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. உலகக் கோப்பை முடிந்த கையோடு சுவிஸ் கால்பந்துச் சங்கத்தின் பொதுச் செயலாளர் அலெக்ஸ் மீஷர் ஒரு பேட்டியில், இரட்டைக் குடியுரிமை உள்ள பிள்ளைகளை இளையோர் பயிற்சித் திட்டத்தில் எடுக்கத்தான் வேண்டுமா என்ற மாதிரிக் கேள்வி போட்டார். நாடே கொதித்தது. அந்த அணியில் பாதிப்பேர் அப்படி வந்த பிள்ளைகள்! ஆகஸ்டில் அவர் பதவியை விட்டுப் போனார்.

கார்னர் கொடி சொன்ன ‘பயிற்சி கொடுத்த நாடு’ என்ற கணக்கு சரி. ஆனால் இங்கே பிறந்தால் மட்டும் சுவிஸ் பிரஜை ஆக முடியாது. விண்ணப்பம், வருடக் கணக்கான காத்திருப்பு, ஊர்ச் சபைக்காரர் முன்னால் நேர்காணல், எல்லாம் இருக்கு. ஒரு பிள்ளையை இத்தனை வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு, அவன் நல்லாய் விளையாடத் தொடங்கினதும் ‘நீ எங்கட பிள்ளை’ என்றால், அவனும் ஒருமுறை யோசிப்பான்தானே?

கார்னர் கொடி

குமரன் அண்ணா, தாய் டி-ஷர்ட் விஷயம் அருமை. கழுகு காட்டியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மார்பில் சுவிஸ் சிலுவை, கையில் அல்பேனியக் கழுகு. சுவிஸ் ரசிகன் டிக்கெட் வாங்கி வந்தது அவர் குடும்பப் பகையைப் பார்க்கவா?

சூரிச் குமரன்

சேர்பிய ரசிகர்கள் ஆட்டம் முழுக்க அவர்களுக்கு ஊளையிட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கோ. அந்த அணி ஒரு பகையை மைதானத்துக்குள் கொண்டுவரவில்லை; அது முதலே அங்கே காத்துக்கொண்டிருந்தது.

பேராக் பாலா

வணக்கம், மலேசியாவிலிருந்து. இங்கே எங்கள் கதை வேறு மாதிரி. ஐரோப்பாவில் உண்மையான தாத்தா பாட்டி, எந்த நாடு என்றுதான் குழப்பம். இங்கே தாத்தா பாட்டியே ஜோடனை!

தெரியாதவர்களுக்கு: 2025 ஜூன் 10, புக்கிட் ஜாலில் ஸ்டேடியம். ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஹரிமாவ் மலாயா (எங்கள் தேசிய அணி) வியட்நாமை 4-0 என்று தூக்கிப் போட்டது. நாங்கள் எல்லாம் மாமாக் கடையில் துள்ளிக் குதித்தோம். ஆடியவர்களில் புதுசாக வந்த ஏழு பேர். அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்திலிருந்து வந்தவர்கள். தாத்தாவோ பாட்டியோ மலேசியாவில் பிறந்தவர், அதனால் தகுதி உண்டு என்று காகிதம். செப்டம்பரில் பிஃபா அந்தக் காகிதங்கள் போலி என்றது. அசல் பிறப்புப் பதிவை அந்தந்த நாட்டிலிருந்தே வரவழைத்துப் பார்த்திருக்கிறார்கள். தாத்தா பாட்டிகள் பிறந்ததும் அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்திலேயேதான். மலேசியக் கால்பந்துச் சங்கத்துக்கு மூன்றரை லட்சம் சுவிஸ் பிராங்க் அபராதம், ஏழு பேருக்கும் 12 மாதத் தடை. நவம்பரில் பிஃபாவின் மேல்முறையீட்டுக் குழுவும் கையை விரித்துவிட்டது.

அது கூடப் பரவாயில்லை லா. எங்களைக் குத்தியது குடியுரிமை. இவ்வளவு வருடம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், மலாய் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. உள்துறை அமைச்சர் தன் விருப்ப அதிகாரத்தில் வசிப்புக் காலத்தைத் தளர்த்தியதாக நாடாளுமன்றத்திலேயே சொன்னார். சரி, நாட்டுக்கு ஃபுட்பால் வேண்டும். ஆனால் இங்கே தோட்டத்தில் பிறந்து, அம்மா அப்பா கல்யாணம் பதிவாகாத ஒரே காரணத்தால் நீல ஐசி (குடிமக்களுக்கான அடையாள அட்டை) கிடைக்காமல் இருக்கிற இந்தியப் பிள்ளைகள் எத்தனை! எங்கள் லோரோங்கிலேயே (சந்திலேயே) ஒரு பையன். மலாய், தமிழ், சீனம் மூன்றும் பேசுவான். பள்ளி அணியில் ஸ்டிரைக்கர். மாவட்டத் தேர்வுக்குப் போனபோது படிவத்தில் ஐசி எண் கேட்டார்கள். அவன் அம்மா பிளாஸ்டிக் கோப்பில் இருந்த எல்லாக் காகிதத்தையும் மேசையில் பரப்பினார்: தடுப்பூசி அட்டை, பள்ளி ரிப்போர்ட், தாத்தாவின் பழைய சிவப்பு ஐசி (நிரந்தரவாசி அட்டை) நகல், தாத்தா ரப்பர் வெட்டிய தோட்டத்தின் சம்பளச் சீட்டு கூட. அந்த அதிகாரி நல்ல மனுஷன்தான், எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

இவனுக்கு உண்மையான தாத்தா இருக்கிறார், காகிதம் இல்லை. அங்கே காகிதம் இருந்தது, தாத்தா இல்லை.

எங்கள் அப்பா காலத்து அணியில் கோல் கீப்பர் ஆறுமுகம். ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே கூப்பிட்டது. சோ சின் ஆன், சந்தோக் சிங், மொக்தார் டஹாரி, ஆறுமுகம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணி அது, புறக்கணிப்பால் போகவில்லை. மலாய், சீனர், சீக்கியர், தமிழர், எல்லாம் இங்கேயே விளைந்தவர்கள்.

வியாசை லெஃப்ட்பேக்

பாலா அண்ணே, அந்தப் பிளாஸ்டிக் கோப்பைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் டைப் பண்ண முடியவில்லை.

நான் முதலில் எழுதியதில் இதைச் சேர்க்க வேண்டும்: பையன் நாட்டைத் தேர்ந்தெடுக்கிறான் என்று பேசுகிறோமே, அதற்கு முன்னால் நாடு ஆளைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. யாமலுக்கு இரண்டு கதவும் திறந்திருந்ததால்தான் அது ‘தேர்வு’.

ஆஃப்சைடு அன்பு

எல்லாரும் சீரியஸாக இருக்கிறீர்கள், ஒரு நல்ல கதை சொல்கிறேன். கேப் வெர்டே 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது தெரியும். அவர்களின் சென்டர்-பேக் ராபர்ட்டோ லோப்பஸ் பிறந்தது டப்ளின், அப்பா கேப் வெர்டே. அவரை எப்படிப் பிடித்தார்கள் தெரியுமா? லிங்க்ட்இன்னில்! அப்போதைய கோச் போர்ச்சுகீசிய மொழியில் மெசேஜ் அனுப்ப, இவர் ஏதோ ஸ்பேம் என்று விட்டுவிட்டார். பல மாதம் கழித்து கோச் ஆங்கிலத்தில் ‘யோசித்தீர்களா’ என்று கேட்ட பிறகுதான் பழைய மெசேஜை மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறார். நாங்கள் லிங்க்ட்இன்னில் வேலை தேடித் தேடிச் சாகிறோம், அவருக்கு ஒரு நாடே கிடைத்தது.

கரீபியன் தீவான கூராசோ இன்னும் தமாஷ். ஒன்றரை லட்சம் சொச்சம் மக்கள், உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றதிலேயே மக்கள் தொகையில் மிகச் சிறிய நாடு. அணியில் ஏறக்குறைய எல்லாரும் நெதர்லாந்தில் பிறந்தவர்கள். இந்தோனேசியாவும் இதே பாட்டு. ஒரு காலத்தில் டச்சுக்காரன் கப்பலில் போய் ஆண்ட ஊர்களுக்கு, இப்போது டச்சு அகாடமிப் பையன்கள் விமானத்தில் போய் ஆடுகிறார்கள். டிஜானி ரைண்டர்ஸ் நெதர்லாந்து நடுக்களம். தம்பி எலியானோ இந்தோனேசியா. அம்மா வழி உறவு.

பழைய ஆட்டம்

காலனி என்று வந்த பிறகு அல்ஜீரியாவைப் பேசாமல் விட முடியாது.

1958 ஏப்ரல். ஸ்வீடன் உலகக் கோப்பைக்கு இன்னும் இரண்டு மாதம். பிரான்ஸ் லீகில் ஆடிக்கொண்டிருந்த அல்ஜீரிய வீரர்கள் சிலர் இரவோடு இரவாக மாயமானார்கள். விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்த எஃப்.எல்.என். இயக்கம் துனிசியாவின் துனிஸில் ஓர் அணி அமைக்கிறது, அதற்காகக் கிளம்பிவிட்டார்கள். அவர்களில் மொனாகோவின் முஸ்தஃபா ஸிதூனியும் செயின்ட் எட்டியேனின் ரஷீத் மெக்லூஃபியும் பிரான்ஸ் உலகக் கோப்பை அணிக்கான முதல் பட்டியலில் இருந்தவர்கள். மெக்லூஃபிக்கு வயது 21. பிரான்ஸுக்கு நான்கு ஆட்டம் ஆடியிருந்தார். அப்போது கட்டாய ராணுவ சேவையிலும் இருந்தார். பிடிபட்டிருந்தால் அது ராணுவத்தை விட்டு ஓடிய குற்றம். அதற்கு முந்தைய ஆட்டத்தில் தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவரை நண்பர்கள் வந்து காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சுவிஸ் எல்லையைத் தாண்டி, இத்தாலி வழியாக துனிஸ்.

அந்த அணியை பிஃபா அங்கீகரிக்கவில்லை. அதனுடன் ஆடினால் நடவடிக்கை என்று மிரட்டியது. கிழக்கு ஐரோப்பா, அரபு நாடுகள், சீனா, வியட்நாம் என்று நாலு வருடம் ஊர் ஊராக ஆடினார்கள். உலகக் கோப்பை போனது போனதுதான். அந்த உலகக் கோப்பையில் பிரான்ஸ் மூன்றாம் இடம். 13 கோல் போட்ட ஜஸ்ட் ஃபோன்டைன் பிறந்தது எங்கே? மராகேஷ், மொராக்கோ!

விடுதலை கிடைத்த பிறகு 1962இல் மெக்லூஃபி செயின்ட் எட்டியேனுக்கே திரும்பினார். ஓடிப்போனவன் என்று கல்லெறிவார்களோ என்று பயம். அப்படி எதுவும் நடக்கவில்லை. 1964இல் லீகை ஜெயித்தார்கள். 1968 பிரெஞ்சுக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இரண்டு கோலும் அவருடையது. கோப்பையை எடுத்துக் கொடுத்தவர் பிரான்ஸ் அதிபர் ஜெனரல் டி கால். 2024 நவம்பரில் மெக்லூஃபி காலமானார்.

கார்னர் கொடி தம்பி, இவர் கணக்கை எந்த நோட்டில் எழுதுவீர்கள்? பயிற்சி கொடுத்தது பிரான்ஸ், பிறந்த ஊர் அல்ஜீரியாவின் செடிஃப்.

கார்னர் கொடி

அண்ணே, மெக்லூஃபி இழந்தார். உலகக் கோப்பையை, சம்பளத்தை, ஜெயிலுக்குப் போகும் அபாயத்தோடு விட்டுப் போனார். நான் கேட்பது ஆதாயத்துக்காக மாறுகிறவர்களை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

வியாசை லெஃப்ட்பேக்

சரி, அப்படியானால் இழந்தால்தான் தேசபக்தி என்று ஆகிறது. 2015இல் ஹக்கீம் ஸியெக் நெதர்லாந்தை விட்டுவிட்டு மொராக்கோ என்றபோது டச்சு ஜாம்பவான் வான் பாஸ்டனே ‘இவ்வளவு முட்டாளா’ என்கிற ரீதியில் பேசினார். அன்றைக்கு மொராக்கோ உலகக் கோப்பைக்கே போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. அது ஆதாயமா, இழப்பா?

2022 உலகக் கோப்பையின் மொராக்கோ அணியைப் பாருங்கள். 26 பேரில் 14 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். கோல் கீப்பர் போனோ மான்ட்ரியல், ஹக்கிமி மாட்ரிட், ஸியெக்கும் அம்ராபத்தும் நெதர்லாந்து, கேப்டன் சாயிஸ் பிரான்ஸ். கோச் ரெக்ராகியும் பிரான்ஸில் பிறந்தவர். அதற்கு முன் மொராக்கோவிலேயே இவர்களைப் பற்றிச் சந்தேகம் இருந்தது. ‘விடுமுறைக்கு வருகிற பையன்கள், இவர்களா உயிரைக் கொடுத்து ஆடுவார்கள்’ என்று. கோச்சே இதைப் பிறகு வெளிப்படையாகச் சொன்னார். அதாவது அங்கேயும் பாதி நம்பிக்கை, இங்கேயும் பாதி நம்பிக்கை.

ஸ்பெயினுக்கு எதிரான பெனால்டியை நினைவிருக்கிறதா? ஸ்பெயின் மூன்றையும் கோட்டைவிட்டது. சராபியா கம்பத்தில் அடித்தார், மற்ற இரண்டைப் போனோ தடுத்தார். ஹக்கிமி வந்து நின்றார். பிறந்த ஊர் மாட்ரிட். அம்மா அங்கே வீடுகளைச் சுத்தம் செய்தவர், அப்பா தெருவில் கடை போட்டவர். இளவயதில் ஸ்பெயின் அணி முகாமுக்கும் போய்ப் பார்த்துவிட்டு, இது நம்ம வீடு மாதிரி இல்லை என்று வந்தவர். ஓடி வந்து, ஸ்பெயின் கோல் கீப்பர் உனாய் சிமோன் ஒரு பக்கம் சாயும் வரை பொறுத்து, பந்தை நடுவிலே மெல்லத் தூக்கிவிட்டார். அப்புறம் தோளை ஆட்டிக்கொண்டு ஒரு நடை. பெல்ஜியம், ஸ்பெயின், போர்ச்சுகல் மூன்றையும் வெளியேற்றி அரையிறுதி வரை போன முதல் ஆப்பிரிக்க அணி. அந்த அணியைப் பார்த்து ‘டிக்கெட்’ என்பீர்களா?

ஆஃப்சைடு அன்பு

பெல்ஜியத்தை அவர்கள் வெளியேற்றவில்லை பாஸ், குரூப்பில் 2-0 என்று தோற்கடித்தார்கள். பெல்ஜியம் வெளியே போனது குரோஷியாவோடு டிரா ஆன அன்று. மற்றபடி ஒப்புக்கொள்கிறேன்.

ரூர் ராஜி

ஜெர்மனியிலிருந்து. வேலைக்காக வந்து இங்கேயே இருந்துவிட்டவள். ஒசில் பெயர் இன்னும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கெல்சென்கிர்ஷன் பக்கம்தான் நான் இருப்பது. அவர் பிறந்த ஊர். நிலக்கரிச் சுரங்க ஊர், துருக்கிக் குடும்பங்கள் நிறைய. அதே ஊரில் பிறந்த ஹமீத் அல்தின்டோப் துருக்கிக்கு ஆடினார், ஒசில் ஜெர்மனிக்கு. 2010 அக்டோபரில் பெர்லினில் ஜெர்மனி-துருக்கி ஆட்டம். அரங்கம் பெர்லினில் என்றாலும் சத்தம் துருக்கி சத்தம். ஒசில் பந்தைத் தொட்டால் ஊளை. கோல் போட்டார்; கொண்டாடவில்லை.

2014இல் உலகக் கோப்பை ஜெயித்துக் கொடுத்தார். 2018 மே மாதம் துருக்கி அதிபர் எர்டோகனோடு ஒரு படம். அந்தப் படம் தேவையில்லாததுதான், எனக்கும் பிடிக்கவில்லை. ஒரு அரசியல்வாதி தேர்தல் நேரத்தில் வீரர்களைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வது எதற்கென்று தெரியாதா. ஆனால் தென் கொரியாவிடம் தோற்று முதல் சுற்றிலேயே ஜெர்மனி வெளியேறியபோது, பதினொரு பேர் தோற்ற ஆட்டத்துக்கு ஒருவர் மட்டும் முகமாக நிற்க வைக்கப்பட்டார். ஜூலையில் விலகிக்கொண்டார். ஜெயித்தால் நான் ஜெர்மானியன், தோற்றால் குடியேறி என்று எழுதினார். லுகாகு பெல்ஜியத்தில் இதையே சொல்லியிருக்கிறார், பென்சிமா பிரான்ஸில் சொல்லியிருக்கிறார். மூன்று நாட்டில் மூன்று பேர் கூடிப் பேசி வைத்துக்கொண்டா சொன்னார்கள்?

என்னோடு வேலை செய்யும் துருக்கிப் பெண் ஒருத்திக்கு 12 வயது மகன், உள்ளூர் கிளப்பில் ஆடுகிறான். பழைய ஒசில் ஜெர்சி ஒன்று இருந்ததாம். 2018க்குப் பிறகு ஸ்கூலுக்குப் போட்டுக்கொண்டு போகாதே என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். எந்தப் பக்கத்தாரிடமிருந்தும் பேச்சு வரும் என்று. அண்ணன் ஜெர்சி அது, இப்போது இவன் தூங்கும்போது போட்டுக்கொள்கிறான்.

அதனால் முசியாலாவை இங்கே கொண்டாடும்போது எனக்குச் சிரிப்பு வரும். இங்கிலாந்து இளையோர் அணிக்கு ஆடிவிட்டு ஜெர்மனியைத் தேர்ந்தெடுத்தார், எல்லாரும் மகிழ்ச்சி. நம்மிடம் வந்தால் பாசம், நம்மை விட்டுப் போனால் பேராசை.

கார்னர் கொடி

ராஜி அக்கா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் ரைஸ் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. அவர் பெயரை வைத்து யாரும் ‘திரும்பிப் போ’ என்று சொன்னதில்லை. அவருக்கு இந்த வலி கிடையாது.

நம்ம நாட்டுக் கதையும் ஒரு வரி. இந்தியாவில் இந்தப் பேச்சே எழாது. இரட்டைக் குடியுரிமை கிடையாது. 2008 முதல் இந்திய பாஸ்போர்ட் இருந்தால்தான் தேசிய அணி, ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) செல்லாது. இங்கிலாந்தில் பிறந்த மைக்கேல் சோப்ரா இந்தியாவுக்கு ஆட ஆசைப்பட்டார், பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை விட வேண்டும் என்ற இடத்தில் நின்றுபோனது. ஜப்பானில் பிறந்த இசுமி அராத்தா விட்டுக்கொடுத்து வந்து 2013இல் ஆடினார். 2025இல் பெங்களூரு எஃப்சியின் ரயான் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியர் ஆனார். இப்படி வருகிறவர்களை நான் சந்தேகப்பட மாட்டேன், கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

வியாசை லெஃப்ட்பேக்

பாஸ்போர்ட்டை விட்டால்தான் நம்புவீர்கள் என்றால், வியாசர்பாடியில் நல்ல கிரவுண்டு போட்டுக் கொடுத்துவிட்டு அப்புறம் வெளியே தேடலாம். அது வேறு இழை, இங்கே தொடங்கவில்லை.

சூரிச் குமரன்

இதை எழுதலாமோ என்று யோசித்துக்கொண்டிருந்தன். என்ர அக்காவின் மகன், இங்கேயே பிறந்தவன், சுவிஸ் பாஸ்போர்ட் இருக்கு. ஒரு கிளப்பின் இளையோர் அணியில் நல்லாய் விளையாடுறான். சுவிஸ் இளையோர் அணிக்குக் கூப்பிட வாய்ப்பு இருக்கு என்று பயிற்சியாளர் சொல்கிறார், உறுதி இல்லை. இதற்கிடையில் தெரிந்த ஒருவர் மூலமாய் ‘ஸ்ரீலங்காவுக்கு ஆட விருப்பமோ’ என்று கேட்டிருக்கினம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளை இப்போது அவர்கள் தேடி எடுக்கினம். சுவீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகன் ஆடுகிறார், ஜெர்மனியில் பிறந்த கிளவுடியோ கம்மர்க்னெக்ட் ஆடுகிறார்.

வீட்டில் பெரிய சண்டை. அத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து எப்படி வெளிக்கிட்டவர் என்று எங்களுக்குத் தெரியும். சிங்கக் கொடி போட்ட சட்டையில் பிள்ளையைப் பார்க்க முடியாது என்கிறார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை, சமைத்துக்கொண்டே இருக்கிறா. பெடியன் என்ன சொல்கிறான் தெரியுமோ? ‘அப்பா, நீங்கள் ஷாக்காவுக்குக் கை தட்டினீர்கள்தானே.’ அத்தான் திகைத்துப் போனார். பிறகு, ஷாக்கா சேர்பியாவுக்கு ஆடவில்லையே என்றார். அதற்குப் பெடியனிடம் பதில் இல்லை.

தமிழீழ அணி என்று ஒன்று கொனிஃபா (பிஃபாவில் இல்லாத அணிகளின் அமைப்பு) போட்டிகளில் ஆடியது, 2018இல் லண்டனில் நடந்ததில் கூட. அத்தான் நேரில் போய்ப் பார்த்தவர். அதற்கு ஆடு என்கிறார். அது பிஃபாவில் சேராத போட்டி, அதில் ஆடினால் தொழில்முறைக் கிளப் கண்ணில் படாது என்கிறான் மகன்.

வேல்ஸில் பிறந்த விமல் யோகநாதன் இங்கிலாந்துக் கிளப் பார்ன்ஸ்லிக்கு ஆடத் தொடங்கினபோது இந்த வீட்டில் கேக் வெட்டினவர்கள். அவர் வேல்ஸ் இளையோர் அணிகளுக்கு ஆடினவர். அப்ப ஒருத்தருக்கும் எந்தக் கொடி என்ற கேள்வி வரவில்லை.

எனக்கு அறிவுரை வேண்டாம். ஒரு சட்டக் கேள்விதான். சுவிஸ் இளையோர் அணிக்கு ஆடினால் மற்றக் கதவு பூட்டுமோ?

நான்காவது நடுவர்

பூட்டாது. விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் முன்பு பூட்டியது. முனீர் எல் ஹத்தாதியைப் பாருங்கள். 2014 செப்டம்பரில் ஸ்பெயினுக்காக மாசிடோனியாவுக்கு எதிராகக் கடைசி 13 நிமிடம் ஆடினார். யூரோ தகுதிச் சுற்று என்பதால் அந்த 13 நிமிடம் அவரைக் கட்டிப்போட்டது. 2018 உலகக் கோப்பைக்கு மொராக்கோவுக்கு ஆட விளையாட்டு நடுவர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். 2020இல் பிஃபா விதியைத் தளர்த்திய பிறகுதான் வழி பிறந்தது. 2021இல் மொராக்கோவுக்கு இறங்கினார்.

இப்போதைய நிலை, சுருக்கமாக. நட்பு ஆட்டம் யாரையும் கட்டாது. இளையோர் போட்டி ஆடியிருந்தாலும் ஒருமுறை மாறலாம். அந்தப் போட்டியில் முதலில் ஆடிய நாளிலேயே இரண்டாவது நாட்டுக் குடியுரிமையும் இருந்திருந்தால் சிக்கலே இல்லை. இல்லாவிட்டாலும் 21 வயது முடிவதற்குள்தான் கடைசியாக ஆடினார் என்றால் வழி உண்டு. சீனியர் அணியில் என்றால் 21 வயதுக்கு முன் மூன்று ஆட்டத்துக்கு மேல் போகக் கூடாது, கடைசி ஆட்டம் முடிந்து மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும், உலகக் கோப்பையிலோ கண்டக் கோப்பையிலோ ஆடியிருக்கக் கூடாது.

அதனால் அவசரப்பட்டு எதற்கும் தலையாட்ட வேண்டியதில்லை. ஒன்று மட்டும் பாருங்கள்: பையனின் பிறப்பு ஸ்ரீலங்கா தூதரகத்தில் பதிவாகியிருக்கிறதா? பெற்றோர் வழிக் குடியுரிமைக்கு அந்தப் பதிவுதான் அடிப்படை.

சூரிச் குமரன்

மிக்க நன்றி. பதிவு செய்த மாதிரித் தெரியவில்லை. அத்தானிடம் இப்போது கேட்க ஏலாது, அக்காவிடம் கேட்டுவிட்டு எழுதுறன்.